சகாயத்தின் சத்தம்

சகாயம் போன வள்ளம் கரை திரும்பாமல் மாதக்கணக்காகிவிட்டது. ஆளும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. ஊர் அவனைக் கைகழுவிவிட்டது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த அவன் தம்பி யூஜினும், "ஆத்துமப் பூசை வச்சிரலாம் மைனி" என்று சகாயத்தின் பெண்டாட்டி ஜெமியை அரித்துக்கொண்டே இருந்தான். செத்தவனுக்கு வைக்கும் பூசை என்றால் சும்மாவா? ஜங்ஷனில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்ட வேண்டும். அதற்குச் சகாயத்தின் நல்ல படம் ஒன்று வேண்டும்.

"எனக்கிட்ட ஒரு படமும் இல்ல" என்று ஜெமி சாதித்துவிட்டாள். பச்சைப் பொய்தான். செத்ததற்கு என்ன சாட்சி இருக்கிறது, அதற்குள் மாலை போட்டு நடுரோட்டில் நிறுத்தணுமா என் மாப்பிள்ளையை என்று அவளுக்கு ஆத்திரம். போனில் வைத்தால் எந்தக் கையாவது நோண்டும். படங்கள், வீடியோக்கள், கடலுக்குப் போகும் வழியில் அவன் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாவற்றையும் டியூஷனுக்கு வைத்திருந்த லேப்டாப்புக்கு மாற்றினாள். போனில் இருந்ததை அழித்தாள். பிறகு லேப்டாப்பில் வேண்டாத பைல்கள் போய்க் கிடக்கும் ரீசைக்கிள் பின்னுக்குள் அவற்றைத் தள்ளிவிட்டாள். குப்பையை எவன் கிளறப்போகிறான்? மனசு தாளாதபோது ஒன்றை மட்டும் வெளியே எடுத்துக் கேட்பாள், திரும்ப உள்ளே போடுவாள். "ஏட்டி, சோறு தின்னியா?" என்று அவன் கேட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது, "இந்த லேப்டாப் சனியன் தொறக்கதுக்குள்ள டியூஷன் பிள்ளைய எல்லாம் எந்திச்சுப் போயிரும்" என்று யூஜின் காதுபடப் புலம்பிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் வாசலிலேயே நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"மைனி, இப்பம் தொறந்து பாருங்கோ, பறக்கும்! பழைய விண்டோஸ், அப்டேட் மிச்சம், டெம்ப் பைல் எல்லாத்தையும் வழிச்சுத் தள்ளிட்டேன். அந்தக் குப்பைய காலி பண்ணவே மாட்டியளா நீங்க? எவ்வளவு கெடந்துது தெரியுமா?"

ஜெமி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. லேப்டாப் மடமடவென்று திறந்தது. ரீசைக்கிள் பின் காலியாக இருந்தது.

"எலே பாவி, அதுக்குள்ளதான்லே உங்க அண்ணன வச்சிருந்தேன்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

யூஜினுக்கு விஷயம் பிடிபட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வடசேரிக்கு ஓடினான். தெரிந்தவனைக் கூப்பிட்டு, பூட்டிக் கிடந்த சர்வீஸ் கடையைத் திறக்க வைத்தான். பொழுது சாயும்போது திரும்பி வந்து, படி ஏறாமல் முற்றத்திலேயே நின்றான்.

"கிட்டாதாம் மைனி. அழிஞ்சது அழிஞ்சதுதானாம்." லேப்டாப்பைப் படியில் வைத்தான். "படம் அண்ணனுக்க கூட்டுக்காரங்ககிட்ட இருக்கும். நான் எப்படியாவது வாங்கித் தாறேன்."

"படம் கிட்டும். சத்தம் ஆருட்ட இருக்கு?"

அவள் நாலு அடி அடித்தால்கூட யூஜின் வாங்கிக்கொண்டிருப்பான். ஜெமிக்கு அதற்கும் தெம்பில்லை. அழுது அழுது கண் வற்றியிருந்தது.

"இத்தன நாளும் எனக்கு அவிய உயிரோடதான் இருந்தாவ" என்றாள். "போ மக்கா. கோயில் சாமியாரப் பாத்து பூசைக்குச் சொல்லிட்டு வா."