ஆத்தோரக் கேம்ப்

போர்டு எழுதிய பெயிண்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 'ஆத்தோரக் கேம்ப், கூடாரம், மீன்பிடிக்கும் வசதி' என்று தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்தேன். மனுசன் 'கேம்ப்' என்பதை மட்டும் ஆள் உயரத்துக்கு எழுதி, அம்புக்குறியும் போட்டுவிட்டு, மிச்சத்தை எறும்பு ஊர்கிற மாதிரி ஓரத்தில் எழுதி வைத்துவிட்டார். எங்கள் ராஜபாளையத்தில் கேம்ப் என்றால் ஒன்றே ஒன்றுதான். இலவசக் கண் கேம்ப்.

கூடாரம் போட்ட முதல் மாதத்திலேயே ஒன்பது பேர் கண்ணைக் காட்ட வந்துவிட்டார்கள். பத்தாவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏசம்மாள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அய்யனார் கோவில் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாந்தோப்பு வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள். கையில் ஆதார் நகல்.

"அக்கா, டோக்கன் எங்க குடுக்காவ?"

"இது மீன் பிடிக்கிற கேம்ப். போர்டை ஒழுங்காப் படிக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"படிக்க முடிஞ்சா நான் ஏன் வாரேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உட்காரவைத்து டீ கொடுத்தேன். எனக்குக் கோபம் எவ்வளவு சீக்கிரம் வருமோ, அதே வேகத்தில் அடுத்தவர் கதையைக் கேட்கும் ஆசையும் வந்துவிடும். கிண்டிக் கிண்டிக் கேட்டேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட வேண்டும். இரண்டு மாதமாக இழையே தெரியவில்லை. சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் மங்கலாக ஆரம்பித்து, ஒரே வருஷத்தில் பார்வை முழுசாகப் போய்விட்டதாம்.

"எம் மக பியூலா கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல ஆஸ்டல்ல இருந்து படிக்கா. எனக்குக் கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா, படிப்ப விட்டுட்டு எந் தறியில வந்து நிப்பா. அதான் அவ போன் பண்ணாலும் ரெண்டு வார்த்தையில வச்சிருதேன்" என்றாள்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக எழும்பி, நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அது. சிவகாசியிலிருந்து வந்திருந்த தேவஇரக்கம் சார் விடிந்ததிலிருந்து தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். கிடைத்தது ஒரே ஒரு கெளுத்தி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து மண்புழு டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சார், தக்கை முங்குது!" என்று கத்தினாள் ஏசம்மாள்.

அவர் பதறி இழுத்த இழுப்பில் தங்கூசி நரம்பு அறுந்து, முள்ளோடு மீன் போய்விட்டது. எனக்கோ மீன் போனது பெரிதாகப் படவில்லை. எதிர்க்கரைப் பக்கம் கிடந்த அந்தச் சுண்டுவிரல் அளவுத் தக்கை எனக்கே தெரியவில்லை, கண் போகிறவளுக்கு எப்படித் தெரிந்தது?

"அந்த உச்சிப் பாறையில என்ன தெரியுது, சொல்லு."

"மூணு ஆடு நிக்கி. ஒண்ணு குட்டி."

நான் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். வெறும் பாறைதான். சார் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். "வரையாடு! மூணேதான்!" என்றார். அப்படியானால் கண் கேம்ப் எனக்குத்தான் தேவை போலிருக்கிறது.

தறி இழை, அக்கா கண் எல்லாவற்றையும் சாரிடம் சொன்னேன். அவர் புதுத் தூண்டில் முள் ஒன்றை அவள் கையில் வைத்து, "இதுல தங்கூசியக் கோரும்மா" என்றார். அவள் முள்ளைக் கண்ணருகே கொண்டுவந்தாள், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள், மூன்று முறை குத்திப் பார்த்தாள். சார் தன் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டிவிட்டார்.

முள்ளின் காதில் தங்கூசி ஒரே குத்தில் நுழைந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் தறிக்காரி முடிச்சும் போட்டுவிட்டாள்.

"வெள்ளெழுத்தும்மா இது! கிட்டத்துல இருக்கதுதான் மங்கும், நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வாரதுதான். உங்க அக்காவுக்கு வந்தது வேற எதுவாவது இருக்கும். நான் டாக்டர் இல்ல, எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒருதடவ காட்டிரு."

"குருடாகாதுல்ல சார்?"

"கண்ணாடி போட்டாச் சரியாப்போகும்னுதான் எனக்குத் தோணுது."

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்தாள். இரண்டு மாதமாகப் படிக்காத மெசேஜ் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள், கடைசி மெசேஜில் நின்றுவிட்டாள். மூன்று நாளைக்கு முந்தியது. என்னவென்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தேன்.

'அம்மா, தறில உன்ன ரெண்டு தடவ ஏசிட்டாகன்னு சித்தி சொன்னா. எதுக்கு எங்கிட்ட மறைக்க? திங்கக்கிழம நான் பெட்டியக் கட்டிக்கிட்டு வாரேன். நீ இனி வேலைக்குப் போவேண்டாம்.'

ஏசம்மாள் அங்கேயே நம்பரை அழுத்தினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. குரலில் மட்டும் துளி ஈரம் இல்லை.

"ஏட்டி, பெட்டியத் தொட்டேன்னு வையி, காலை ஒடச்சிருவேன்!"