படிக்காமல் விட்ட முன்னுரை

முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு கொல்லையில் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்திருந்தபோதுதான் கார்முகிலுக்கு அம்மாவின் குரல் கேட்டது. வாசலில் எதையோ வாசித்துக் காட்டத் தொடங்கியிருந்தாள். விருத்தாம்பாளின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது என்றாலும் அச்சடித்த எழுத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு மரியாதை. பொட்டலம் மடித்து வந்த தாளைக்கூட வாய்விட்டுத்தான் படிப்பாள்; தொடக்கத்திலிருந்து முடிவுவரை, அச்சகத்தின் பெயர் உட்பட. கேட்பதற்கு ஓர் ஆளும் கிடைத்துவிட்டால் குரல் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். இன்றைக்கு ஆள் கிடைத்திருந்தது. காலைப் பாலுக்காகச் சொம்போடு வந்த எதிர்வீட்டு அம்புஜவல்லி.

"பொஸ்தகத்தப் பாருங்கக்கா. தம்பி நேத்து நெய்வேலியில எறங்கி, புத்தகக் கண்காட்சியில எனக்குன்னு வாங்கியாந்துருக்கான்."

நுரைக்குள் கார்முகில் சிரித்துக்கொண்டான். சும்மா வாங்கிய புத்தகமா அது?

சென்னையில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறவன் அவன். போன வருஷம் பாலை விட்டான். பால் என்றால் தயிர், மோர், நெய், டீ எல்லாமும் சேர்த்துத்தான். அதற்கு முன்பு கறி மீனை விட்டபோது வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை; பையனுக்குப் புரட்டாசி கொஞ்சம் நீண்டுவிட்டது என்று இருந்துவிட்டார்கள். பாலை விட்டதுதான் விருத்தாம்பாளுக்குப் பிடிபடவே இல்லை. கொட்டகையில் கறவை மாடு நிற்கிற வீடு. தெருவில் பாதிப் பேருக்கு விடிவதே அவள் ஊற்றும் பாலில்தான். அந்த வீட்டுப் பிள்ளை கறுப்பு டீ குடித்தால் எப்படி இருக்கும்? போன தடவை வந்திருந்தபோது இரண்டு நாளும் ரசமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறக் கிளம்பியவனை வாசலில் நிறுத்திக் கேட்டாள்: "அது வேணாம் இது வேணாங்கிறியே, என்னாத்தத்தான் ஆக்கிப் போடறதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்."

அந்தக் கேள்வி அவனோடு சென்னைவரை வந்து அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் புத்தகம். கண்காட்சியில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடினான். ஒரு புத்தகம் முழுக்க அவகேடோ. விருத்தாசலம் கடைவீதியில் போய் அவகேடோ கேட்டால் மருந்துக்கடைக்கு வழி காட்டுவார்கள். இன்னொன்றில் பாதாம் பால் இல்லாத பக்கமே இல்லை. சைவச் சமையல் என்று அட்டையில் போட்டிருந்த தடித்தடிப் புத்தகங்களிலோ எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நெய் ஒழுகியது. கடைசியில்தான் இது அகப்பட்டது. வேர்க்கடலை, தேங்காய், நல்லெண்ணெய், வரகு, முருங்கைக்கீரை என்று எல்லாமே இங்கே செட்டியார் கடையிலும் வேலியோரத்திலும் கிடைக்கிற சாமான்கள். ஆழாக்கும் கரண்டியுமாக அளவு சொல்லியிருந்தது. எழுத்தும் பெரிசு. அடுப்பு மேடையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் நிற்குமா என்றுகூட விரித்துப் பார்த்தான். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைக்கூட அவன் இவ்வளவு விசாரிக்க மாட்டான். முன்னுரையை மட்டும் படிக்கவில்லை. சமையல் புத்தகத்துக்கு முன்னுரை படிக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

ஒருத்தி இருந்தாள்.

"முன்னுரை," என்று தொடங்கினாள் விருத்தாம்பாள். "பால் என்பது கன்றின் உணவு. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே புகுந்து அதைக் கறந்து விற்பவர்கள், ஒரு குழந்தையின் வாயிலிருப்பதைப் பிடுங்கிப் பிழைப்பவர்கள். பால் வியாபாரம் என்பது..."

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு வார்த்தை முன்னால் வரும், அர்த்தம் கொஞ்சம் பின்னால்தான் வந்து சேரும். அதனால் 'பிடுங்கிப் பிழைப்பவர்கள்' என்பதைக்கூட அவள் அதே பெருமையான குரலில்தான் படித்தாள். அடுத்த வார்த்தையில்தான் குரல் தடுக்கியது.

"...நாகரிக உடை போட்ட திருட்டு."

நின்றாள். புத்தகத்தை மூடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். அவளோ தொடங்கியதை முடிக்காமல் விடுகிறவள் இல்லை. மிச்சமிருந்த இரண்டு பத்தியையும், கீழே இருந்த பெயரையும் ஊரையும் தேதியையும் படித்து முடித்தாள். குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே வந்தது.

கார்முகிலுக்குச் சோப்பு கண்ணில் இறங்கி எரிந்தது. தண்ணீர் மொண்டு ஊற்றினால் சத்தம் கேட்கும், தான் இங்கே இருப்பது தெரிந்துவிடும் என்று கையில் மக்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் செவலை மாடு தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஊர்ப் பீங்கான் கம்பெனியில் விரிசல் கண்டு கழித்துப்போட்ட வாஷ்பேசின்தான் அதற்குத் தொட்டி.

"நேரமாவுது விருத்தா," என்றாள் அம்புஜவல்லி. "எனக்கு எப்பவும்போல ஊத்து."

சொம்பில் பால் விழுகிற சத்தம். அளந்து ஊற்றியபிறகு கொசுறாகக் கொஞ்சம் ஊற்றுவது அம்மாவின் வழக்கம். இன்றைக்குக் கொசுறு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.

"போதும், போதும். எதுக்கு இவ்ளோ?" என்று அம்புஜவல்லி சொல்வது கேட்டது.

அவனுக்குக் கூசிப்போனது. தெரியாமல் நடந்துவிட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளவும் வழியில்லை. அந்த வரி அவனுக்குப் புதிது இல்லை. ஏறக்குறைய இதே வார்த்தைகளை ஒரு கன்றுக்குட்டியின் படத்தோடு வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். நிறைய பேர் கைதட்டியிருந்தார்கள். போடுவதற்கு முன்னால் அம்மா, அப்பா, அம்புஜவல்லியின் மகன், தெருக்காரர்கள் என்று ஊர் ஆட்களின் எண்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அவர்கள் கண்ணில் படாமல் மறைத்திருந்தான். யாருடைய பிழைப்பைத் திருட்டு என்று சொல்கிறோம் என்பது அன்றைக்கே அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா திட்டக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மத்தியானம் தாயும் பிள்ளையும் மட்டும்தான். விருத்தாம்பாள் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே சமைத்திருந்தாள். வரகுச் சோறு, முருங்கைக்கீரைக் குழம்பு, வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, எலுமிச்சை விட்டுக் கரைத்த மோர். புத்தகம் அடுப்பு மேடையில் மூடிக்கொள்ளாமல் நன்றாகவே நின்றது.

"நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதும்மா."

நிஜமாகவே நன்றாக இருந்தது. அடுத்த கவளத்தைத் தட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

"ம்மா, அந்த முன்னுரைய நான் படிக்கல. சத்தியமா. உள்ள இருக்கிற சமையல மட்டுந்தான் பாத்தேன்."

விருத்தாம்பாள் குழம்பை ஊற்றினாள். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "படிச்சிருந்தா வாங்கியிருக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன், அதுல பொய்யா எழுதிருக்குது?"

உப்புப் போதுமா என்று கேட்பதைப்போல்தான் கேட்டாள். கோபித்திருந்தால் தேவலை. ஆமாம், பொய் என்று சொல்லலாம். அப்படியானால் இந்த ஒரு வருஷமாக அவன் எதற்காக எதையெல்லாம் விட்டான்? இல்லை, நிஜம் என்று சொல்லலாம். அதை இந்தச் சோற்றைத் தின்றுகொண்டு, இந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவனுடைய டிப்ளமோவும் சென்னையில் முதல் மாதம் தங்கிய அறையும் எந்தப் பாலில் வந்தன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவள் சொல்லிக்காட்ட மாட்டாள்.

"பொய்யின்னா பொய்யின்னு சொல்லிடு," என்றாள். "சாயந்தரம் நான் போயி கறக்கணுமுல்ல."

கார்முகில் தட்டைப் பார்த்தபடி, "மோரு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா," என்றான்.

அவள் ஊற்றினாள்.

வெயில் சாய்ந்ததும் வாசல் கட்டைச்சுவரில் பாத்திரங்கள் வந்து உட்கார ஆரம்பித்தன. எவர்சில்வர் தூக்குகள், பிளாஸ்டிக் டப்பாக்கள், பீங்கான் கம்பெனியில் தேறாமல் போன, மூடி சேராத ஜாடிகள். அம்புஜவல்லிதான் முதல் ஆள். கார்முகில் கொட்டகை ஓரத்தில் கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா கன்றை அவிழ்த்துவிட்டாள். அது ஓடிப்போய் மடியை முட்டியது. முதலில் கன்று சப்பிக் குடிக்க வேண்டும், மாடு சுரக்க வேண்டும், பிறகு கன்றை இழுத்து மாட்டின் கண்ணெதிரே முளைக்குச்சியில் கட்ட வேண்டும். ப்ளஸ் டூ முடிக்கும்வரை அந்த இழுக்கிற வேலை அவனுடையது. யூனிஃபார்மோடு வந்து இழுத்துக் கட்டிவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவான். கன்னு புடிக்க எம் புள்ளய வுட்டா ஆளில்ல என்று அம்மா அப்போது தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மாடு சுரந்துவிட்டது. விருத்தாம்பாள் செம்பை இடுப்பில் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றாள். கன்று ஒரு காம்பை விட்டு அடுத்ததற்குப் போனது. அவள் அசையவில்லை.

"ம்மா. கன்ன இழு."

"குடிக்கட்டும். அதோடதுதான."

குத்திக்காட்டுகிறாளோ என்று அந்தக் குரலில் தேடிப் பார்த்தான். அப்படி எதுவும் இல்லை. புத்தகத்தில் இருந்ததைப் படித்தாள், மதித்தாள், அவ்வளவுதான்.

"ரொம்பக் குடிச்சா கன்னுக்கு வயித்தால கழிஞ்சிப்பூடும்மா."

"ம்." மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீ போயி வாசல்ல நிக்கிறவங்ககிட்ட இன்னிக்கிப் பாலு இல்லன்னு சொல்லிடு. நாளைக்கி எப்புடின்னு பாக்கலாமுன்னு சொல்லு."

இதைத்தானே கேட்டான். ஒரு வருஷமாகச் சொந்த ஊர் அறியாமல் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானே. கூரைக் கம்பை விடாமலே நின்றான். எந்த முகத்தோடு போய் அந்த ஜாடிகளுக்கு முன்னால் நிற்பது?

"இன்னும் ஆவலியா விருத்தா?" வெளியிலிருந்து அம்புஜவல்லியின் குரல் வந்தது. "பேரப்புள்ள வூட்டுல அழுவுது."

கன்று மூன்றாவது காம்புக்குப் போயிருந்தது. கழுத்திலிருந்து தொங்கிய கயிறு சாணியில் புரண்டுகொண்டிருந்தது. கார்முகில் குனிந்து அதை எடுத்தான். கை மறந்திருக்கவில்லை, தானாகவே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு விறைத்தது. கன்று முன்னங்காலை ஊன்றி, காம்பை விடாமல் நின்றது. அதன் வாயோரம் வழிந்த பால்நுரை வெதுவெதுப்பாக அவன் புறங்கையில் சொட்டியது.