கராஜில் டுவேனின் படகு

கராஜுக்குள் துப்பாக்கி வெடித்ததுபோலச் சத்தம் கேட்டபோது வென்டெல் காலைக் காபியைப் பாதி குடித்திருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை. மார்லிஸ்தான் ஓடினாள். திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"ஸ்பிரிங் போயிடுச்சு. கதவுக்கு மேல ரெண்டு இருக்குல்ல, அதுல இடது பக்கத்தது ரெண்டு துண்டா நிக்குது. பட்டனை அமுக்கினா மோட்டார் முனகுது, கதவு அசையல. என் கார் உள்ள மாட்டிக்கிச்சு."

"பட்டனை அமுக்காதே. மோட்டாரும் போயிடும்."

அக்டோபரில் அவள் சொல்லியிருந்தாள்: குளிர் வருவதற்குள் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டுவிடு, டுவேன் வருஷா வருஷம் போடுவான். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் வென்டெல் அன்றைக்கே ஏணியை எடுத்திருப்பான். இரண்டாம் பாதி காதில் விழுந்ததும் அவன் கை எழவில்லை. எண்ணெய் டப்பா அலமாரியில் டுவேன் வைத்த இடத்திலேயே இருந்தது. ஸ்பிரிங் துருப்பிடித்துக்கொண்டு வந்ததை அவன் ஒவ்வொரு வாரமும் அண்ணாந்து பார்த்தான்.

டுவேன் மார்லிஸின் முதல் கணவன். ஊரின் மறுகோடியில் இருக்கிறான். விவாகரத்தின்போது வீடு அவளுக்கு வந்தது. அவன் சட்டைகளையும் தூண்டில்களையும் எடுத்துக்கொண்டு போனான். படகை எடுத்துப் போகவில்லை. வசந்தம் வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்றானாம். அதற்குப் பிறகு நான்கு வசந்தங்கள் வந்துபோய்விட்டன. ஒவ்வொரு கோடையிலும் வந்து ஏரிக்கு இழுத்துப் போனான், இலையுதிர் காலத்தில் பழையபடி கொண்டுவந்து நிறுத்தினான். அகலமான ஒற்றைக் கதவுக்குப் பின்னால் இரண்டு வண்டிக்கு இடம் உண்டு. ஒன்றில் மார்லிஸின் கார். இன்னொன்றில் தார்ப்பாய் போட்ட டுவேனின் படகு. வென்டெலின் பிக்கப் வண்டி வெளியே பனியில் நின்றது. விஸ்கான்சின் ஜனவரியில் தினமும் காலையில் அதன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும்போது அவன் கராஜ் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

சொல்ல எவ்வளவோ தடவை வாய் எடுத்தான். சொன்னால் பொறாமை என்று ஆகிவிடும். உண்மையில் அது பொறாமைதான் என்பதால் சொல்லவே முடியாமல் போனது.

மார்லிஸின் பக்கத்தில் கூரையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்து கயிற்றில் தொங்கியது. காரை உள்ளே ஓட்டிவரும்போது பந்து முன்கண்ணாடியைத் தொட்டால் நிறுத்த வேண்டும், சுவரில் இடிக்காது. டுவேன் அளந்து கட்டியது. தினமும் மாலையில் அந்தப் பந்து அவள் முகத்துக்கு நேரே வந்து மெல்லத் தட்டுவதை வென்டெல் சமையலறை வாசலிலிருந்து பார்ப்பான். வெறும் பந்துதான். ஆனாலும் பார்ப்பான்.

"டுவேனைக் கேக்கட்டுமா? இந்தக் கதவு அவன் மாட்டினது."

"வேண்டாம்."

மார்லிஸ் கதவு பழுதுபார்க்கும் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். குளிரில் ஊர் முழுக்க ஸ்பிரிங் உடைகிறதாம், நாளைக்குத்தான் ஆள் வருவான். வென்டெலின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நான் இதுல வேலைக்குப் போறேன். நீ அதைத் தொடாதே, சரியா? கடைக்காரனே சொன்னான், கைய வெச்சா கை போயிடும்னு."

"டுவேன் தொட்டானே?"

கேட்ட பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானம்வரை வென்டெல் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனான்.

உடைந்ததைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் உடையாத ஸ்பிரிங்கின் முறுக்கைத் தளர்த்த வேண்டும் என்று கைப்பேசியில் ஒரு வீடியோ சொன்னது. ஸ்பிரிங்கின் முனையில் இருந்த இரும்புக் குமிழில் சுற்றிலும் துளைகள் இருந்தன. துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பி இரண்டு வேண்டும் என்றது. கம்பி இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவர் இரண்டு இருந்தன. ஒன்றைச் செருகினான், கொஞ்சம் ஆடியது. குமிழைப் பிடித்திருந்த திருகாணிகளைத் தளர்த்தினான்.

ஸ்பிரிங்கின் முறுக்கு மொத்தமும் அவன் கைக்கு வந்தது. ஒரு சுற்று இறக்கினான். கையில் ஏதோ உயிருள்ள மிருகத்தைப் பிடித்திருப்பதுபோல இருந்தது. டுவேன் இதை எத்தனை தடவை செய்திருப்பான், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மார்லிஸ் நின்றிருப்பாளா, என்ன பேசியிருப்பார்கள் என்று அவன் யோசித்த அந்த நேரத்தில் ஸ்க்ரூடிரைவர் நழுவியது.

ஸ்பிரிங் அலறிக்கொண்டு சுழன்றது. ஏதோ ஒன்று மணிக்கட்டில் அறைந்தது. எப்படி ஏணியிலிருந்து இறங்கினான் என்று தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவர், தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த படகின் முன்கண்ணாடியில் கைப்பிடி வரைக்கும் ஏறி நின்றது. சுற்றிலும் விரிசல் சிலந்தி வலைபோலப் பரவியிருந்தது.

அவன் குறிபார்க்கவில்லை. ஆனால் அதைக் கண்டதும் நெஞ்சில் முதலில் வந்தது சந்தோஷம். வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

கவிழ்த்த வாளிமேல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் ஆனதோ, பக்கவாட்டுக் கதவில் சாவி திரும்பும் ஓசை கேட்டது. மார்லிஸ் அந்த வழியாக வருவதில்லை. கதவைத் திறந்துகொண்டு, பூட்ஸிலிருந்த பனியை உதறியபடி டுவேன் உள்ளே வந்தான்.

இவனிடம் சாவி இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

"ஏரி நல்லா உறைஞ்சிருக்கு. மீன் பிடிக்க ஐஸ்ல துளை போடுற மெஷினை எடுத்துட்டுப் போலாம்னு..." டுவேன் நிறுத்தினான். மேலே பார்த்தான், படகைப் பார்த்தான். "அது என் படகுல என்னய்யா பண்ணுது?"

"நழுவிடுச்சு."

"ஸ்க்ரூடிரைவர் வெச்சா திருகினே? யோவ்! கண்ணுல ஏறியிருந்தா? மார்லி திரும்பி வந்து உன்னைத் தரையிலேர்ந்து சுரண்டி எடுத்திருக்கணும்."

"அவ பேரு மார்லிஸ்."

டுவேன் ஏணியில் இரண்டு படி ஏறினான். பிறகு உடைந்த துண்டை விரலால் தடவி, துருவைப் பார்த்தான். "எண்ணெயே போடலயா நீ?"

வென்டெல் அலமாரியிலிருந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்தான். வெளியே மார்லிஸ் எடுத்துப்போன பிக்கப்பின் சத்தம் கேட்டது.

மார்லிஸ் வீட்டு வழியாக உள்ளே வந்தாள். டுவேனைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், கடைசியில் வென்டெலின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள். திரும்பிப் போய் ஃபிரீசரிலிருந்து பட்டாணிப் பையை எடுத்துவந்து அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"உசுரு போயிருந்தா நான் என்ன பண்றது?"

டுவேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தார்ப்பாயைச் சரிசெய்தான். தன் வீட்டில் இருப்பவன்போலச் சரிசெய்தான். பட்டாணியின் குளிர் எலும்புவரை இறங்கியது. நான்கு வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

"டுவேன். படகை எடுத்துட்டுப் போயிடு."

"கண்ணாடியைச் சரி பண்ணவா?"

"இல்ல. மொத்தமா."

மார்லிஸின் கை அவன் மணிக்கட்டில் சற்று இறுகியது.

"இப்பவா?" என்றான் டுவேன்.

"இப்ப."

"கதவு தொறக்காதேய்யா."

"தூக்குவோம்."

டுவேன் தார்ப்பாயிலிருந்து கையை எடுத்தான். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே. என் தம்பி கொட்டகை காலியாத்தான் கெடக்கு. நீ ஒண்ணும் சொல்லல. சரி, இவனுக்கு இது எடஞ்சலா இல்லபோலன்னு விட்டுட்டேன்."

வென்டெல் மார்லிஸைப் பார்த்தான்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்," என்றாள் அவள். "நான் சொன்னா, உனக்காக நான் சொன்ன மாதிரி ஆயிடும். அது உனக்குப் பிடிக்காது."

அது உண்மை. அவனைப்பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மார்லிஸ் கூரையில் தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவித்தாள். ஆண்கள் இருவரும் கதவின் இரண்டு மூலைகளிலும் குனிந்தார்கள். வென்டெலுக்கு ஒரு கைதான், மீதிக்குத் தோள். ஸ்பிரிங் இல்லாத கதவு செத்த மாடுபோலக் கனத்தது.

"ஒண்ணா தூக்கணும்," என்றான் டுவேன். "உன் பக்கம் சாஞ்சா சிக்கிக்கும். மெதுவா வா. என்னைப் பாரு, என்னை."

வேறு வழியில்லாமல் வென்டெல் அவனைப் பார்த்தான். டுவேனின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் இவனைவிட வயதானவனாகத் தெரிந்தான். கதவு தோளுக்கு வந்தது, தலைக்கு மேலே போனது. மார்லிஸ் இரண்டு பக்கமும் மரச்சட்டத்தை முட்டுக்கொடுத்தாள்.

டுவேன் தன் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து படகை மாட்டினான். போகும்போது ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வென்டெலிடம் நீட்டினான். "வெச்சுக்கோ. நாளைக்கு வர்றவன்கிட்ட ரெண்டு ஸ்பிரிங்கையும் மாத்தச் சொல்லு. ஒண்ணை மட்டும் மாத்தினா மத்தது சீக்கிரம் போயிடும்."

படகு தெருமுனையில் திரும்பும்வரை மார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படகைப் பார்த்ததை வென்டெல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் தன் வண்டியில் ஏறி, காலியான இடத்துக்குள் மெல்ல ஓட்டினான். இந்தப் பக்கம் பந்து இல்லை. சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறியபோது மார்லிஸ் முன்னால் வந்து நின்று, வா, வா என்று கையசைத்தாள். இன்னும் கொஞ்சம். கடைசியில் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள். அவன் நிறுத்தினான்.

முட்டுகளை எடுத்து இருவரும் கதவை இறக்கினார்கள். வண்டியின் பனி சொட்டுச் சொட்டாகத் தரையில் உருகியது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

"வென்டெல்."

"ம்."

"கார், உன் வண்டி, ரெண்டையும் உள்ள வெச்சு இறக்கிட்டோம். நாளைக்குக் காலைல நான் வேலைக்கு எதுல போவேன்?"

அவன் கதவைப் பார்த்தான். அதை அவன் யோசிக்கவே இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கண் பக்கவாட்டுக் கதவின் பூட்டுக்குப் போனது.

"அவன்கிட்ட சாவியையும் கேட்டிருக்கணும்," என்றான்.