அறுபத்தைந்து வருட அக்கா

செம்மண் மேல் மழை. இங்கிலாந்தின் டெவன் குன்றுகளில் அது சத்தமில்லாமல் இறங்கும். ஆட்டின் முதுகில், ஆப்பிள் மரத்துப் பாசியில், கல்வேலியின் இடுக்கில். மெல்ல, மெல்ல.

அந்த மழையில் வினிஃப்ரெட் குன்றிறங்கி வந்துகொண்டிருந்தாள். வயது அறுபத்தைந்து. கையில் குடை இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை.

முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று கேட்டிருந்தார்கள். ஊர்த் தேவாலயத்தில் அவள் பெயர் இல்லை. குன்றுக்கு அப்பால் உள்ள தேவாலயத்தில் பார்க்கச் சொன்னார்கள். அங்கே இருந்தது.

பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். வாசிக்கவில்லை. “நீங்களே பாத்துக்குங்கம்மா,” என்றார்.

குழந்தை, வினிஃப்ரெட். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. தாய், டோர்கஸ்.

டோர்கஸ் அவளுடைய அக்கா.

வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில், அம்மா ஹன்னாவின் கையெழுத்தில், குடும்பம் வேறு மாதிரி இருந்தது. மூத்தவள் டோர்கஸ். நடுவில் இரண்டு பையன்கள். மூத்தவளுக்குப் பதினேழு வருடம் கழித்துக் கடைக்குட்டி வினிஃப்ரெட். அதைத்தான் நம்பினாள். ஊரும் நம்பியது. அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டது.

அக்காதான் தலை பின்னிவிட்டாள். அக்காதான் பள்ளிக்கூட வாசல்வரை வந்தாள். கொல்லன் இரண்டு தடவை பெண் கேட்டும் அக்கா கட்டிக்கொள்ளவில்லை.

வினிஃப்ரெட்டின் ஒரே குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் அந்திவரை மடியில் வைத்திருந்தவளும் அக்காதான். அக்கா ஏன் அப்படி அழுதாள் என்று அன்று புரியவில்லை.

மழையில் புரிந்தது. கல்வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹன்னா இறந்து முப்பது வருடம். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே. இரண்டே பேர், ஒரே மேஜை, எத்தனை மாலைத் தேநீர். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

இனிக் கேட்கவும் வழியில்லை. எண்பத்திரண்டு வயது டோர்கஸுக்கு இரண்டு வருடமாக நினைவு தப்பியிருந்தது. நேற்று எது, இன்று எது என்று தெரியாது.

வீட்டில் கணப்பருகே டோர்கஸ் உட்கார்ந்திருந்தாள். வினிஃப்ரெட் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் காலடியில் மண்டியிட்டாள். அந்த மெலிந்த கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா.”

டோர்கஸ் திடுக்கிட்டாள். கண்கள் கதவுப் பக்கம் ஓடின. பதினேழு வயதுப் பெண்ணின் பயம் அந்த முகத்தில்.

“சத்தமா கூப்பிடாத வின்னி,” என்று கிசுகிசுத்தாள். “எங்கம்மா காதுல விழுந்துடும். உன்னை எங்கயாவது கொண்டுபோய்க் குடுத்துடுவாங்க.”

வினிஃப்ரெட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். திரும்பி வந்து அவள் காதோரம் குனிந்து, இன்னும் மெதுவாகக் கூப்பிட்டாள்.