வியாழக்கிழமை எண்ணெய்

ஆம்பளைக எண்ணெய் தேச்சுக் குளிக்க புதனும் சனியும்தான். தென்காசிப் பக்கத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச சங்கதி இது. அந்த ஆடி மாசம் சுந்தரபாண்டி மட்டும் குற்றாலத்துல திங்கள்னு பாக்கல, வியாழன்னு பாக்கல. பொழுது விடிஞ்சா பேரருவிக் கரையில துண்ட விரிச்சு உக்காந்துருவார். எண்ணெய் தேச்சு விடுத வேல்சாமிக்கே சங்கடமாப் போச்சு.

“அண்ணாச்சி, தினமும் எண்ணெய் வச்சா உடம்பு குளுந்துரும். சளி கட்டிக்கிடும், பாத்துக்கிடுங்க.”

“நீ தேச்சு விடுலே. எனக்கு வைத்தியம் பாக்க வேற ஆள் இருக்கு.”

உடம்பு குளுந்தா குளுந்துட்டுப் போகுது. அவருக்கு வேண்டியது எண்ணெய் இல்ல, அதோட சேந்து வாற விலக்கு. எண்ணெய் முழுகுன அன்னைக்குப் பகல்ல படுத்துத் தூங்கப்படாது, புருசனும் பொஞ்சாதியும் சேரப்படாது. தினமும் முழுகினா தினமும் விலக்கு. எந்தப் பொம்பள வந்து ஏன்னு கேக்க முடியும்? நல்ல யோசனைன்னு தன்னைத்தானே மெச்சிக்கிட்டார் மனுசன். எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்க!

போன கார்த்திகையில அவருக்கு மூத்திரம் கட்டிப் போச்சு. அப்புறம் ரத்தமா வந்தது. வண்டி கட்டி, ரயிலேறி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்க மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. அங்கன வெள்ளைக்கார டாக்டர் அறுத்துப் பாத்துட்டு, மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு, அதுல புத்து வந்துருக்கு, முழுசா எடுத்தாச்சு, நீர் பிழைச்சீர்னு சொன்னார். கம்பவுண்டர் அதத் தமிழ்ல சொன்னார். ஊர் வந்ததும் சுடலைமாடனுக்குக் கெடா வெட்டியாச்சு. மருமகன்மார் வந்து சாப்பிட்டு, மாமா மறுபிறவி எடுத்துட்டாகன்னு மீசையத் தடவிட்டுப் போனாக.

மறுபிறவிதான். ஆனா இடுப்புக்குக் கீழ அவர் செத்துப் போயிருந்தார். விடியக்காலம் முழிச்சதும் மொதல்ல அதத்தான் பாப்பார். ஒரு அசைவும் இருக்காது. அம்பது வயசு இன்னும் முடியல, நஞ்சைக்கு மண்வெட்டி எடுத்துப் போனா இளவட்டம் தோத்துப் போகும், அந்த ஆளுக்கு இந்தக் கதி. போதாக்குறைக்கு இருமினா, தும்மினா ரெண்டு சொட்டு வேட்டிய நனைச்சுரும். பழந்துணிய மடிச்சு உள்ள வச்சுக் கட்டிக்கிட்டு, ஆத்துல ஆள் இல்லாத எடமாப் பாத்து அவரே அலசுவார்.

இதெல்லாம் முப்பிடாதியம்மாளுக்குத் தெரியவே கூடாது. அவர் பொஞ்சாதி லேசுப்பட்டவ இல்ல. சண்ட போட்டா தெரு கூடிரும். அவ சண்ட போடட்டும், அவர் தாங்கிக்கிடுவார். கோவிச்சுக்கிட்டு வாசுதேவநல்லூருக்குப் பொறந்த வீட்டுக்குப் போகட்டும், பின்னாலயே போய்க் கூட்டியாந்துருவார். ஆனா ‘ஐயோ பாவம்’னு ஒரு பார்வ பாத்துட்டான்னா? இருவது வருசத்துக்கு மேல தன்னைப் பாத்து முந்தானைய வாயில வச்சுச் சிரிச்சவ, அப்படிப் பாத்துட்டா அப்புறம் அந்த வீட்ல அவருக்கு என்ன இருக்கு? அதுதான் பயம். வேற ஒண்ணும் இல்ல.

டாக்டர் ஓய்வா இருக்கச் சொன்னார்னு சாரல் சீசனுக்குக் குற்றாலத்துல ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடிச்சு ரெண்டு பேரும் வந்துருந்தாக. ஊர்ல மாதிரிச் சுத்திப் பிள்ளைக கிடையாது, வேலையாளு கிடையாது. வந்த மறுநாளே அவ தலையில பிச்சிப்பூ வச்சு, வெத்தல மடிச்சுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா.

“இன்னைக்கு எண்ணெய் முழுகியிருக்கேன்,” என்றார் அவர், சுவத்தப் பாத்து.

அன்னையில இருந்து தினமும் அதே பேச்சு. அவளும் ஒண்ணும் கேக்கல. வெத்தலையத் தட்டுல வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. அவ ஒண்ணும் கேக்காம இருக்கது அவருக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் சந்தேகம்.

அந்த வியாழக்கிழமை மலையில பெருமழை. அருவி செம்மண் நெறத்துல, கல்லும் கட்டையுமா எறங்குச்சு. கிட்ட ஒரு ஈ காக்கா போக முடியல. வேல்சாமியும் வரல. சுந்தரபாண்டிக்கு கையும் ஓடல, காலும் ஓடல. சரி, வீட்லயே தேச்சு வெந்நீர் ஊத்திக்கிடுவோம்னு தொப்பலா நனைஞ்சு திரும்பினார்.

“ஏட்டி, அந்த நல்லெண்ணெய எடு.”

“எண்ணெய் இல்ல,” அடுப்பங்கரையில இருந்து பதில் வந்தது.

“நேத்து ஒரு தூக்குச்சட்டி நெறைய இருந்துதே?”

எட்டிப் பாத்தார். அம்மாடி! சொளகு நெறைய முறுக்கு, ஓலப்பெட்டி நெறைய முறுக்கு, போதாதுன்னு சாக்க விரிச்சு அதுலயும் முறுக்கு. ஒரு கலியாண வீட்டுக்கே போதும். அவ வேர்த்து விறுவிறுத்து கடைசி ஈட்டைச் சட்டியில இருந்து அரிச்சுக்கிட்டிருந்தா.

“யாருக்குட்டி இம்புட்டு?”

“யாருக்கும் இல்ல. எண்ணெய் தீரணும்னு சுட்டேன்.” கரண்டியக் கீழ வச்சா. “இனி எதத் தேய்ப்பியன்னு பாக்கேன்.”

அவர் தூக்குச்சட்டியத் தூக்கிப் பாத்தார். காலி.

“வியாழக்கெழமை எண்ணெய், வெள்ளிக்கெழம எண்ணெய், அமாவாச அன்னைக்குமா எண்ணெய் வைப்பிய? என்னைய என்ன கூறு கெட்டவன்னு நெனச்சியளா?”

இனி மறைக்க ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. ஈர வேட்டியோட நெலப்படியிலயே உக்காந்துட்டார். “என்னால முடியாதுட்டி,” என்றார். குரல் அவருக்கே கேக்கல. “அறுத்த பெறகு... அது போச்சு. ஒண்ணுமே இல்ல. நான் ஆம்பளையே இல்ல.”

சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டார். அந்தப் பார்வையப் பாக்கத் தைரியம் இல்ல.

“எனக்குத் தெரியும்,” என்றா அவ.

சுந்தரபாண்டி நிமிந்தார்.

“ஆஸ்பத்திரியிலயே நர்ஸம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டா. அறுத்த எடம் அப்படி, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், வருசம் ஆனாலும் ஆகும், மனுசன ஒதுக்கி வச்சுராதேன்னா. நான் எங்கன ஒதுக்கினேன்? நீங்கதான ஒதுங்கிப் போனிய! ஆத்துல துணிய ஒளிச்சு அலசுதியளே, அதுவும் தெரியும். கொழாய் சொருகிக் கெடந்தப்ப அள்ளிக் கொட்டினது யாரு? நான்தான?”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நீங்க வாயத் தெறந்து எங்கிட்ட சொல்லணும்னு கெடந்தேன். கார்த்திகையில இருந்து கெடக்கேன்.” அவ தன் கையப் பாத்துக்கிட்டா. “நான் அருவருப்பாப் போயிட்டேனோன்னு நெனச்சேன். ஒங்க அழுக்கத் தொட்ட கையின்னு என்னையத் தொடப் பிடிக்கலையோன்னு...”

“அடிப்பாவி!” பதறிப் போனார். “அப்படி ஒரு நெனப்பு என் கனவுல கூட இல்ல.”

அவ முந்தானையால முகத்தத் தொடச்சா. அவளுக்கும் ராவும் பகலும் இதே நோக்காடுதான் இருந்துருக்கு. தன் பயம்தான் பெருசுன்னு இருந்துட்டோமேன்னு அவருக்கு வெக்கமாப் போச்சு.

“ஒனக்கு... அது வேண்டாமா?” தரையப் பாத்துக்கிட்டே கேட்டார்.

வேண்டாம்னு சொல்லிருந்தா அவருக்கு ஆறுதலா இருந்துருக்கும்னு நெனைப்பீங்க. அவ பொய் சொல்லுத சாதி இல்ல.

“வேணும்,” என்றா. “எனக்கும் உடம்பு இருக்குல்லா. ஆனா நீங்க என் பக்கத்துல வராம, அது மட்டும் எங்கன இருந்து வரும்? மொதல்ல நீங்க வாங்க.”

கதவச் சாத்துனா. வெளிய மழை ஓட்டுல கொட்டிக்கிட்டே இருந்தது. அவர் ஈர வேட்டிய அவளே அவுத்து, காஞ்ச துண்டால தொடச்சு விட்டா. மடிச்சு வச்சிருந்த பழந்துணிய எடுத்து ஓரமா வச்சா, மூஞ்சியச் சுளிக்கல. தையல் போட்ட வடுவ விரலால தொட்டுப் பாத்தா. வலிக்கான்னு கேட்டா. இல்லன்னார். அறுத்ததுல இருந்து அந்த எடத்த அவரே தொட்டதில்ல. அவ மேல மாவு வாசமும் வேர்வை வாசமும். அவர் அவ கழுத்துல முகத்த வச்சுக் கெடந்தார். கையி அது பாட்டுக்குப் பழைய எடங்களுக்குப் போச்சு. அவளும் தன் கையால அவர எழுப்பிப் பாத்தா, பொறுமையா, ரொம்ப நேரம்.

ஒண்ணும் நடக்கல.

அவர் கண்ண மூடிக்கிட்டார். “பாத்தியா?” என்றார்.

முப்பிடாதி கைய எடுக்கல.

“பாத்தேன்,” என்றா. “நாளைக்கும் பாப்போம்.”