கோவர்த்தனன் ஓட்டல் ரயில்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோவர்த்தனன் கட்டிய ஓட்டலுக்கு மறுநாள் காலை திறப்பு விழா. தொண்ணூற்றேழாம் வருஷம், ஊரெல்லாம் ஃபாரின் சாமான் வந்து குவிகிற காலம். வெறும் இட்லி போட்டால் கூட்டம் வருமா? வரவேற்பறையைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, ஜெர்மனியிலிருந்து ஒரு பொம்மை ரயில் வரவழைத்திருந்தார். முதல் நாள் குடுகுடுவென்று ஓடியது. அதற்குப் பிறகு நாலடி நகரும், திக்கும், நின்றுவிடும். மூன்று எலக்ட்ரீஷியன்கள் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், மோட்டார் எரிந்துபோச்சு என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

நாலாவதாகக் கூப்பிட்டது தேன்மொழியை. சத்தியவேட்டுக்காரி. சென்னையில் ஒரு டேப் ரிக்கார்டர் கம்பெனியில் ஆறு வருஷம் சால்டரிங் செய்தவள். ஃபாரின் செட்டு மலிவாக வந்ததும் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் குவைத் விமானம், அங்கே ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்க. "குவைத்துக்குப் போனா எத்தினி நாள்மா?" என்று நாலு வயது மகள் ரூபா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷம் என்று சொல்லத் தேன்மொழிக்கு நாக்கு எழவில்லை.

"இத ஓட வெச்சிடும்மா. ஓட்டல்ல இருக்கற கரண்டு சாமான் மொத்தத்தையும் நீயே பாத்துக்கோ, வேலை உனக்குத்தான்" என்றார் கோவர்த்தனன். அந்த வார்த்தையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஜினைத் திறந்து, பேட்டரி ஒயர் இரண்டையும் நேராக மோட்டாரில் தொட்டாள். விர்ரென்று சுற்றியது. எரிந்துபோன மோட்டாரின் லட்சணம் இதுவா! ஒரு குட்டி பல்பைத் தண்டவாளத்தில் வைத்தாள், எரிந்தது. தண்டவாளம் வரை கரண்ட் வருகிறது, மோட்டாருக்குப் போகவில்லை. நடுவில் எங்கே தொலைகிறது?

இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்போது பார்த்து கோவர்த்தனனின் அம்மா வெங்கடலட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"கண்ணு பட்டுப்போச்சும்மா. மொத நாளு ஓடி முடிச்சதும் ஒரு வாட்டி, அப்புறம் நிக்கற ஒவ்வொரு வாட்டியும் நானும் சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வெச்சிக்கினுதான் இருக்கறேன்."

ஆறு சக்கரத்திலும் மஞ்சளும் சிவப்புமாக ஏடு ஏடாகக் காய்ந்து கிடந்தது. தேன்மொழிக்குக் கோளாறு புரிந்துவிட்டது. முதலாளியின் அம்மாவிடம் கோளாறே நீங்கள்தான் என்று சொன்னால் வந்த வேலை போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு பூச்சு ஏறும், ரயில் மறுபடி படுக்கும்.

"லாரிக்கு டீசல் டேங்கு இருக்குதும்மா. இதுக்குச் சக்கரந்தான் வாயி. தண்டவாளத்துல வர்ற கரண்ட அதாலதான் துன்னுது. வாய் நெறைய சந்தனத்த அப்பிட்டா, பாவம், எப்படித் துன்னும்?"

கோவர்த்தனன் விட்டத்தைப் பார்த்தார். வெங்கடலட்சுமிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"அடிப்பாவி! புள்ளைய பட்டினி போட்டது நானா?"

துணியில் ஸ்பிரிட் நனைத்து ஆறு சக்கரத்தையும் துடைத்து வைத்தாள். ரயில் பத்துச் சுற்று ஓடியது, ஒரு திக்கல் இல்லை. வெங்கடலட்சுமி இன்ஜினைப் பிடித்து நிறுத்தி, நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தார். விரலில் மிஞ்சியதைத் தேன்மொழியின் நெற்றியில் வைத்தார்.

"ஏண்டா, இதுக்குத் தெனம் வாய் தொடைக்கறது யாரு?"

"தேன்மொழிதான்மா. நாளையிலேர்ந்து."

எதிரே எஸ்.டி.டி. பூத். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு ரூபாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"குவைத்து எத்தினி நாளுன்னு கேட்டியே, கண்ணு..."

"எத்தினிமா?"

"ஒரு நாளும் இல்ல. அம்மா சாயங்கால பஸ்ல வந்துடறேன்."