கையை விட்டேன்

பிரேக் பார்க்கிற மெக்கானிக் நான். என் பட்டறையில் நாள் முழுக்க ஒரே பாட்டுதான் ஓடும், நானும் கூடவே பாடுவேன். மெட்டுக்கு நான் அடிமை. பல்லவிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் ஒரு மூச்சு நின்று, பிறகு டிரம்ஸ் தடதடவென்று இறங்கும் பாருங்கள், அந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். வார்த்தைகள்தான் எனக்கு ஆகாது. ‘வண்டி உனது, வழி உனது, கையை விட்டேன், கூட்டிப் போ’ என்று மேலே இருக்கிறவனைப் பார்த்துப் பாட்டு. மேலேயிருந்து யாரும் ஸ்டியரிங் பிடித்து நான் கண்டதில்லை. கையை விட்டவர்களின் வண்டிகள்தான் நசுங்கிப்போய் என்னிடம் வருகின்றன.

அன்று மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியது மச்சான், என் மனைவியின் தம்பி. பக்கத்தில் நான். பின்சீட்டில் மனைவி, அவள் மடியில் எங்கள் மகள். பாட்டைப் போட்டதும் நான்தான், புத்தி கெட்டவன். பல்லவி வந்ததும் மச்சான் கண்ணை மூடி இரண்டு கையையும் தூக்கினான்.

திட்டினேன். சிரித்தான். எப்போதும் இப்படித்தானாம், இதுவரை ஒரு கீறல்கூட இல்லையாம். பாட்டை அணைத்தேன், அவன் வாயாலேயே தொடர்ந்தான். ஓரம் கட்டச் சொல்லி அவன் அக்கா கெஞ்சினாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எங்கே கட்டுவது?

“நம்பிக்கை வேணும் மாமா. நீங்களுந்தானே நாள் முழுக்கப் பாடுறீங்க?”

“பாடுறேன்டா. நம்பலை. கையை வை.”

அடுத்த வளைவு வந்தது. மச்சான் பாடுவதை நிறுத்தினான். அந்த ஒரு மூச்சு. இத்தனை நாள் நான் சொக்கிப்போய்க் கிடந்த இடம். இப்போது உடம்பு சில்லிட்டுவிட்டது. அவன் கைகள் மேலே போயின. எதிரே லாரி.

பாய்ந்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். பக்கக் கண்ணாடி லாரியில் உரசிச் சிதறியது. அவ்வளவுதான், தாண்டிவிட்டோம். மகள் வீறிட்டாள். மச்சான் கைகளை மெல்லத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தான்.

“பாத்தீங்களா மாமா,” என்றான். “அவனே திருப்பிட்டான்.”

என் கை இன்னும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

மகளை அடக்க மனைவி அதே பாட்டை முணுமுணுத்தாள். குழந்தை வேறு எதற்கும் அடங்காது. பல்லவி நெருங்கியது. நான் பிடியை விடவில்லை. வாய் மட்டும் வெட்கமில்லாமல் சேர்ந்து பாடியது.